கிழக்கே போகப் போகக் கடல்: மதுரையிலிருந்து பாம்பன் வரை

வியாழன் – ஒத்தக்கடை, கீழடி, மானாமதுரை

யானைமலையில் நாள் முழுக்கத் தேடினாலும் ஒரு சிப்பி கிடைக்காது. நரசிங்கம் கோவில் பக்கமாக ஏறி, வெயில் உறைக்கும் முன் இறங்கிவிட்டோம். பாறையைக் கிட்டத்தில் பார்த்தால் வெளுப்பும் கறுப்புமாகப் பட்டைகள் நெளிந்து ஓடுவது தெரியும். பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து அழுந்தி உருமாறிய பாறை, நைஸ் (gneiss) என்பார்கள். வயது 50 கோடி ஆண்டுக்கும் மேல். திருப்பரங்குன்றம், அழகர்மலை என்று மதுரையைச் சுற்றி நிற்பவை எல்லாம் இப்படி உருமாறிய பாறைகள்தாம். கடல் போட்ட மண் இங்கே ஒரு கைப்பிடிகூட இல்லை.

பிறகு எதற்கு இங்கிருந்து தொடங்க வேண்டும்? கிழக்கே கடற்கரை வரைக்கும் கிடக்கிற மணலும் களியும் பெரும்பாலும் இந்த மாதிரி மேட்டு நிலங்கள் உதிர்ந்து போனவைதான். ஆறு அதைச் சுமந்து போனது. எங்கே இறக்கி வைப்பது என்பதைக் கடல்தான் முடிவு செய்தது: ஏறி வந்தபோது ஓரிடம், இறங்கிப் போனபோது வேறிடம். ராமநாதபுரம் சீமையில் எந்த ஊருக்கு நல்ல தண்ணீர், எந்த ஊருக்கு உப்புத் தண்ணீர் என்று இன்றைக்கும் பங்கு பிரிப்பது அந்தப் பழைய முடிவுதான். அதைத் தடம் பிடித்துப் போய்ப் பார்ப்பதுதான் திட்டம்.

கூட வருகிறவர் என் தாய்மாமா. மானாமதுரையில் போர் போடும் தொழில். நிலவியல் என்று அவரிடம் சொன்னால் சிரிப்பார். ஆனால் மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் மூன்று மாவட்டத்திலும் எத்தனை அடியில் என்ன மண் வரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

வழியில் கீழடியில் நின்றோம். 2023-இல் திறந்த அருங்காட்சியகத்தைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் விட்டுவிடுகிறேன். அங்கே கிடைத்த மிகப் பழைய தேதி கிமு 580. மனுசக் கணக்கில் பெரிய வயது. நாளையிலிருந்து நான் எழுதப்போகும் கணக்கில் அது நேற்று சாயங்காலம்.

மானாமதுரைக்கு வரும்போது மாமா ஒரு விஷயம் சொன்னார். "மாப்ள, இந்த ஊருதான் எல்லை. மேக்க போனா கம்ப்ரசர் வண்டி, கெழக்க போனா ரோட்டரி." மதுரைப் பக்கம் கடினப் பாறை. காற்றழுத்தத்தில் சுத்தியல் அடித்து உடைத்து உடைத்து இறங்க வேண்டும். மேலே இருக்கிற தளர்ந்த மண்ணுக்கு மட்டும் கேசிங் குழாய் போட்டால் போதும், கீழே பாறையே சுவர். தண்ணீர் பாறை வெடிப்பில்தான் இருக்கும். வெடிப்பு மாட்டினால் அதிர்ஷ்டம், இல்லையென்றால் 800 அடி போயும் புழுதிதான் பறக்கும். கிழக்கே போனால் உடைக்கவே வேண்டியதில்லை. சேற்றுத் தண்ணீரைச் சுற்றவிட்டுத் துளைத்துக்கொண்டே போகலாம். ஆனால் அடிவரைக்கும் கேசிங் இறக்காவிட்டால் மணல் சரிந்து மூடிவிடும்.

நிலவியல்காரர்கள் காவிரிப் படுகை என்று சொல்லும், மண் நிரம்பிய பெரும்பள்ளத்தின் மேற்கு விளிம்பு என்று வரைபடத்தில் கோடு போட்டிருப்பதும் ஏறத்தாழ இங்கேதான்.

வெள்ளி – சிவகங்கை, காளையார்கோவில், இளையான்குடி

இன்றைக்கு ஓட்டம் அதிகம், பார்க்கக் கிடைத்தது கொஞ்சம். பழைய பாறை எல்லாம் மண்ணுக்கடியில் ஒளிந்துகொண்டிருக்கிறது. அதனால் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஏறத்தாழ 13, 14 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவும் அண்டார்க்டிகாவும் ஒட்டிக் கிடந்த பெருநிலம் பிளக்கத் தொடங்கியது. தமிழ்நாட்டின் கிழக்கு ஓரம் இழுபட்டு, நீள நீளமான பள்ளங்களும் இடையிடையே மேடுகளுமாக உடைந்தது. அந்தப் பள்ளங்களின் கூட்டம்தான் காவிரிப் படுகை. பெயரில் காவிரி இருந்தாலும் அது புதுச்சேரியிலிருந்து ராமநாதபுரம் தாண்டி மன்னார் வளைகுடா வரை போகிறது. ராமநாதபுரம்–பாக் விரிகுடாப் பள்ளம் அதில் ஒன்று. படுகையின் ஆழமான இடங்களில் 5 கிலோமீட்டருக்கு மேல் படிவு அடுக்கியிருக்கிறது. யானைமலையைப் போல எத்தனை மலை கரைந்து போனால் அவ்வளவு மண் சேரும் என்று மாமா கேட்டார். நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

முதலில் வந்தது கடல் இல்லை, ஆறுகள்தான். சிவகங்கையின் பெயரையே வைத்து நிலவியல்காரர்கள் சொல்லும் படிவம் அந்தக் காலத்தது: உருண்டைக் கற்கள், மணற்கல், களிக்கல். களிக்கல்லில் செடிகளின் இலை அச்சுகள். அதற்குப் பிறகுதான் கடல் உள்ளே வந்தது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் உலகம் முழுக்கக் கடல்மட்டம் மிக உயரமாக இருந்தது. இன்றையதைவிட 100 மீட்டருக்கும் மேல் என்பது பல கணக்குகள் சொல்வது. அன்றைக்குத் துருவங்களில் பெரிய பனிப்பாளங்கள் இல்லை, தண்ணீர் எல்லாம் கடலில்தான் இருந்தது. இன்னொரு காரணமும் உண்டு. கண்டங்கள் வேகமாகப் பிரிந்துகொண்டிருந்ததால் கடலடியில் புதுப்பாறை நிறைய உண்டானது. புதுப்பாறை சூடாக, உப்பியபடி இருக்கும். கடலின் அடித்தளமே மேலே வந்தால் தண்ணீர் கரைமேல்தானே ஏற வேண்டும்?

கடல் ஏறினால் மண் எப்படி அடுக்கும் என்று கேட்ட மாமாவுக்கு இளையான்குடி போகிற வழியில் ஒரு கண்மாய்க் கரையில் வண்டியை நிறுத்திக் காட்டினேன். மாசி மாதம், தண்ணீர் பாதிக்குக் குறைந்திருந்தது. வரத்துக்கால் கண்மாய்க்குள் நுழைகிற இடத்தில் மணல் தட்டியிருக்கும். கரையோரம் ஆழத்தில் வண்டல், நைசான களி. தண்ணீர் குறைவாக இருக்கும்போது வரத்துக்கால் உள்ளே தள்ளி வந்து மணலைப் போடும். மழை பெய்து கண்மாய் நிறைந்தால் தண்ணீர் விளிம்பு மேலே போய்விடும், புது மணல் அங்கேயே நின்றுவிடும். முன்பு மணல் விழுந்த இடம் இப்போது ஆழம். அதன்மேல் வண்டல் படியும். அந்த இடத்தில் குழி வெட்டினால் கீழே மணல், மேலே களி. தண்ணீர் ஏறியதற்கு அதுதான் சாட்சி. இறங்கினால் அடுக்கு தலைகீழ்: கீழே களி, மேலே மணல்.

பக்கத்துப் பக்கத்தில் கிடப்பதுதான் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் என்று ஜெர்மானிய அறிஞர் யோகானஸ் வால்தர் 1894-இல் எழுதிவைத்தார். கண்மாயில் வண்டல் அள்ளுகிறவர்களுக்கு அவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "கரைப் பக்கம் வெட்டுனா வண்டல், வரத்துப் பக்கம் வெட்டுனா மணலு. இதுக்கு ஜெர்மன்காரன் வேற வரணுமாக்கும்" என்றார் மாமா.

கண்மாய்க்கும் கடலுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கடலுக்கு அலை உண்டு. ஏறி வரும்போது பழைய கரையை அலை சீவிக்கொண்டே வரும். அதனால் பல இடங்களில் மணலுக்கும் களிக்கும் நடுவே உடைந்த சிப்பியும் கூழாங்கல்லுமாக ஒரு மெல்லிய அடுக்கு மட்டும் மிஞ்சும். இன்னொன்று, கடல் வேகமாக உள்ளே வரும்போது ஆற்று மணல் எல்லாம் முகத்துவாரத்திலேயே சிக்கிக்கொள்ளும். நடுக்கடலுக்கு மண் போகாது. மண் வராத தெளிந்த வெப்பக்கடலில் பவளமும் பாசியும் வளர்ந்து சுண்ணாம்புக்கல் ஆகும். ஆழம் இன்னும் கூடினால் அதன்மேல் களி மூடும்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் வடக்கே திருச்சி தாண்டிப் போக வேண்டும். கல்லக்குடியின் சுண்ணாம்புக்கல், காரை என்ற ஊரின் களிமேடு இரண்டும் அந்தக் கடல் ஏற்றத்தின் பக்கங்கள். அதை அளந்த ஆங்கிலேய நிலவியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு 1860-களில் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதியாகப் பிரித்தார். இன்றைக்கு அரியலூர் பக்கம் சிமெண்ட் ஆலைகள் வரிசையாக நிற்பதற்கு அந்தக் கடல்தான் காரணம். ராமநாதபுரத்திலும் அந்தக் காலத்துப் படிவுகள் உண்டு. ஆனால் எல்லாம் ஆழத்தில்.

காளையார்கோவில் பக்கம் செம்புறாங்கல். கடலின் வேலை இல்லை; கடல் போன பிறகு வெயிலும் மழையும் பழைய மண்ணைத் துருப்பிடிக்க வைத்த வேலை. வெட்டின பள்ளத்தில் ஈரம் இருக்கும்வரை கத்திக்கு இளகும், காய்ந்தால் கல். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் நிலவியலை 1883-இல் எழுதிய ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தப் பக்கமெல்லாம் சுற்றியவர். அவர் சுற்றிய காலத்தில் பரோட்டா கிடைத்திருக்காது, பாவம்.

சனி – ராமநாதபுரம், தேவிபட்டினம், வழுதூர்

வைகை 258 கிலோமீட்டர் ஓடி வந்து கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் சேர்கிறது. மிச்சம் இருந்தால்தான் ஆற்றங்கரை என்ற ஊர் பக்கமாகக் கடலுக்கு. பெரும்பாலான வருசம் மிச்சம் இருக்காது. 1959-இல் வைகை அணை வந்த பிறகு மணலும் அங்கேயே தங்கிவிடுகிறது. ஒரு காலத்தில் கடலோரத்தில் டெல்டா கட்டிய ஆறு.

தேவிபட்டினம் சாலையில் மாமாவுக்குத் தெரிந்தவர் ஒருவர் ரோட்டரி போட்டுக்கொண்டிருந்தார். போய் நின்றோம். துளையிலிருந்து வரும் மண்ணைப் பத்தடிக்கு ஒரு குவியலாகத் தரையில் வரிசையாக வைத்திருந்தார்கள். எல்லாப் போர்க்காரர்களும் அப்படித்தான் வைப்பார்கள், எங்கே வடிகட்டிக் குழாய் வைப்பது என்று முடிவு செய்ய. முதல் குவியல் பழுப்புக் களி. அடுத்தது மஞ்சள் மணல், கையில் உருட்டினால் ஒட்டாமல் உதிரும் சுத்தமான மணல். அடுத்த இரண்டு குவியலும் கருஞ்சாம்பல் களி, அழுகின முட்டை வாடை. அதற்கும் கீழே பரும்படி மணல், கூழாங்கல்.

கருங்களியைக் கொஞ்சம் எடுத்து வாளித் தண்ணீரில் கரைத்துப் பார்த்தேன். களி போனதும் உள்ளங்கையில் தங்கியது கறுத்த வேர்த்துணுக்குகளும், நகக்கண் நீளத்துக்கு முறுக்கிச் சுருண்ட சின்னச் சங்குகளும். ஒன்றின் முனை உடையவே இல்லை. எங்கிருந்தோ அடித்துக்கொண்டு வந்திருந்தால் முனை முதலில் போயிருக்கும். அங்கேயே வாழ்ந்து அங்கேயே செத்தது.

போர்க்காரர் மேலிருந்து கீழே படிப்பார். கடலின் கதைக்குக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். நான் படித்தது இப்படி. அடியில் பரும்படி மணல்: ஆறு ஓடிய தரை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகத்துத் தண்ணீரில் பெரும்பங்கு பனியாக உறைந்திருந்தபோது, கடல் இன்றையதைவிட 120 மீட்டர் அளவுக்குக் கீழே கிடந்தது. பாக் நீரிணையின் ஆழம் பெரும்பாலும் 13 மீட்டருக்குள்தான். ஆகவே அன்றைக்கு இலங்கைக்கு நடந்தே போகலாம். ஆறுகள் அந்தத் தரையை வெட்டிக்கொண்டு தூரத்துக் கடலுக்குப் போயின. பனி உருகக் கடல் ஏறியது, பள்ளங்களில் புகுந்தது, ஆற்றுவாய் உப்பங்கழியானது. அதுதான் கருங்களியும் சங்கும். ஏறத்தாழ 7000, 6000 ஆண்டுகளுக்கு முன் ஏற்றம் ஓய்ந்தது. பிறகு ஆறும் அலையும் சேர்ந்து கரையை மறுபடி கடலுக்குள் தள்ளின. அதுதான் மஞ்சள் மணல், பழைய கடற்கரை. அதற்கும் மேலே வெள்ளம் கொண்டுவந்த களி.

"நடுவுல இருக்க மணல்ல பத்தடி வடிகட்டி வை, கருங்களியத் தொடாத" என்று மாமா சொன்னார். போர்க்காரரும் தலையாட்டினார். கருங்களியில் அந்தக் காலத்துக் கடலின் உப்பு இன்னும் இருக்கிறது, இறுகிய களியில் மழைத் தண்ணீர் இறங்கி அதைக் கழுவிவிட முடியாது. மணலில் உப்பு எப்போதோ கழுவிப் போயிருக்கும். இந்தச் சீமையில் மணல்மேட்டில் ஊரும் பனையும், மேட்டுக்கு நடுவே பள்ளத்தில் உவர்நிலம் என்று மாறி மாறி வருவதும் அதனால்தான். உவர்ப்பள்ளத்தில் வீடு கட்டியவர்கள் காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயை எதிர்பார்த்து நிற்கிறார்கள்.

தேவிபட்டினத்தில் நவபாஷாணம் பார்த்தோம். கடலுக்குள் நிற்கிற ஒன்பது கல்லையும் சுற்றிவிட்டு வந்து கரையைக் கவனித்தேன். இது பாக் விரிகுடாப் பக்கம். அலை சன்னம், கரை முழுக்கச் சேறு. சேற்றில் அதே முறுக்கின சங்கு, உயிரோடு, கோடு இழுத்துக்கொண்டு நகர்கிறது. காலையில் வாளியில் கழுவிப் பார்த்ததன் பேரப்பிள்ளைகள்.

டீக்கடையில் பேச்சு எதிர்பார்த்த இடத்துக்கு வந்தது. "அப்ப தென்மதுரையக் கடல் கொண்டுச்சுன்னு சொல்றது?" பனி உருகிக் கடல் ஏறியது நிஜம், அதில் கரையோர நிலம் நிறையப் போனதும் நிஜம், அப்போது இந்தப் பக்கம் மனிதர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் தெற்கே ஒரு பெருங்கண்டம் இருந்து மூழ்கியது என்பதற்குக் கடலடியில் இடமே இல்லை. அங்கே இருப்பது கடலடிப் பாறை, மூழ்கின நிலம் அல்ல. 10 கோடி ஆண்டுக் கடலையும் 10,000 ஆண்டுக் கடலையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுவதுதான் எனக்குப் பிடிக்காதது. மாமா ஒத்துக்கொள்ளவில்லை. டீக்கு அவர்தான் காசு கொடுத்தார், அதனால் நானும் மேலே பேசவில்லை.

வழுதூர் மின்நிலையத்தைச் சாலையிலிருந்தே பார்த்தோம். சுமார் 187 மெகாவாட், எரிவாயுவில் ஓடுகிறது. வாயு இந்தப் பகுதியிலேயே ஓ.என்.ஜி.சி. எடுப்பது. நேற்றுச் சொன்ன கோடி ஆண்டுக் கடலின் காலத்து (கிரெட்டேசியஸ் காலம் என்பார்கள்) மணற்கல்லின் துளைகளில் வாயு இருக்கிறது, ஏறி வந்த கடல் போட்ட களிக்கல் அதன்மேல் மூடியாக உட்கார்ந்திருக்கிறது. மூடி இல்லையென்றால் வாயு என்றைக்கோ காற்றோடு போயிருக்கும். மேலே மாமாவுக்குத் தொல்லை தருகிற அதே களி, ஆழத்தில் கரண்டு தருகிறது.

ஞாயிறு – உச்சிப்புளி, பாம்பன், ராமேஸ்வரம்

உச்சிப்புளியிலிருந்து மண்டபம் வரை பனையும் தென்னையும். சாலைக்கு இரண்டு பக்கமும் மணல். நிறுத்திப் படம் எடுக்கக்கூட இறங்கவில்லை, வெயில் அப்படி.

பாம்பன் தீவின் வடகரையில்தான் நான் முக்கியமாகப் பார்க்க நினைத்தது. தண்ணீர் விளிம்புக்கு மேலே, ஒரு மீட்டர் உயரம்வரை, பழைய பவளப் பார், அதாவது பவளம் வளர்ந்து கட்டிய பாறை. கறுத்துப்போன மேல்தோலைத் தாண்டி உடைந்த முகத்தில் பார்த்தால் குண்டூசித் தலை அளவுக் குழிகள் நெருக்கமாக, வரிசை தப்பாமல் இருக்கின்றன. ஒவ்வொரு குழியும் ஒரு பவளப் பூச்சியின் வீடு. குழிகளின் வாய் மேல்நோக்கியே இருக்கிறது. புயல் தூக்கி எறிந்த துண்டாக இருந்தால் கண்டபடி புரண்டு கிடக்கும். இது வளர்ந்த இடத்திலேயே நிற்கிறது. பவளம் தண்ணீருக்கு வெளியே அதிக நேரம் பிழைக்காது. ஆக, இது வளர்ந்தபோது கடல் இதற்கு மேலே இருந்திருக்க வேண்டும்.

பவளப்பாறை ஆய்வாளர்கள் ஸ்டாடர்ட்டும் கோபிநாத பிள்ளையும் 1972-இல் இந்தப் பார்களைப் பற்றி எழுதினார்கள். கார்பன் தேதி சுமார் 4000 ஆண்டு. கடல் சற்று உயர்ந்து நின்று பிறகு இறங்கியதா, இல்லை நிலம்தான் கொஞ்சம் மேலே வந்ததா என்று வாதம் உண்டு. எனக்கு முதலாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. இந்தியக் கரையில் வேறு இடங்களிலும் அந்தக் காலத்தில் கடல் சற்று உயர்ந்து நின்ற அடையாளம் இருக்கிறது.

தூரத்தில் 2025-இல் திறந்த புது ரயில் பாலம் தெரிந்தது. எல்லாரும் அதைத்தான் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாரைப் படம் எடுத்த ஒரே ஆள் நான். ஒரு பையன் வந்து "அண்ணே, என்ன தொலச்சுட்டீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

ராமேஸ்வரம் கோவிலுக்குள் 22 தீர்த்தம். அக்னி தீர்த்தம் என்று கடலில் குளித்துவிட்டு, ஈரத்தோடு உள்ளே போய்க் கிணறு கிணறாக வாளித் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறோம். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் பெரும்பாலான கிணறு உப்புக் கரிப்பதில்லை. மணலில் இறங்கின மழைத் தண்ணீர் எடை குறைவு என்பதால், அடியில் இருக்கிற உப்புத் தண்ணீர்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே கால் மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 10 மீட்டர் ஆழத்துக்கு நல்ல தண்ணீர் என்பது கணக்கு, ஒன்றுக்கு நாற்பது. மேலே இருப்பதை இறைத்து ஒரு சாண் குறைத்தால் கீழே உப்பு அதைப்போல நாற்பது மடங்கு ஏறி வரும்.

பாம்பனில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மாமாவுக்குப் போன். தங்கச்சிமடத்தில் புதுவீடு கட்டுகிறவர், 150 அடி போர் வேண்டுமாம், பக்கத்து வீட்டுக்காரர் 120 போட்டிருக்கிறாராம். "தம்பி, அவர் வீட்டுத் தண்ணிய ஒரு வாய் குடிச்சுப் பாத்தீங்களா?" என்று மாமா கேட்டார். அந்தப் பக்கம் பதில் கொஞ்ச நேரம் வரவில்லை. "25 அடி போதும். அதுவும் மோட்டார் சின்னது. நெறைய எறைச்சா ரெண்டு வருசத்துல ஒங்களுக்கும் அவருக்கும் ஒரே தண்ணிதான்." மறுபடி 150 என்று அங்கிருந்து சத்தம் கேட்டது. புதன்கிழமை வந்து இடத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, மாமா இன்னொரு துண்டு பாரை மீன் கேட்டார்.